தொட்டால் தெரியும்

கோலார் தங்கவயல். மாரிக்குப்பம் பக்கத்தில் ஒரு லைன் வீடு. சுரங்கத் தொழிலாளர்களுக்காக அந்தக் காலத்தில் கட்டிய வீடு அது.

அந்த வீட்டுத் தாத்தாவுக்கு எழுபது வயது ஆகிறது. சாம்பியன் ரீப் சுரங்கத்தில் வேலை செய்தவர். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. அதுவரை அவர் பாறையோடு வாழ்ந்தார்.

அவருடைய விரல்களைப் பார்த்தாலே அது தெரியும். தோல் தடித்துக் காய்த்துப் போயிருக்கும். நுனியில் ரேகைகள் தேய்ந்துவிட்டன.

தாத்தாவுக்கு ஓய்வூதியம் வருகிறது. ஓய்வூதியம் வாங்குகிறவர் உயிரோடு இருக்கிறார் என்று ஆண்டுக்கு ஒரு முறை சான்று தர வேண்டும். அதற்காக ஒரு சேவை மையத்துக்குப் போனார். ரேகைக் கருவியில் விரலை வைத்தார். கருவி ஏற்கவில்லை. துடைத்துவிட்டு வைத்தார். அப்போதும் ஏற்கவில்லை. "நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

மாலையில் பேத்தி வந்தாள். அவள் தினமும் ரயிலில் பெங்களூருக்குப் போய் வேலை செய்கிறவள். "கவலைப்படாதே தாத்தா. கைபேசியிலேயே செய்துவிடலாம். இந்தப் பச்சைக் கட்டத்தை நீயே தொடு" என்றாள்.

தாத்தா தொட்டார். ஒன்றும் நடக்கவில்லை. அழுத்தித் தொட்டார். அப்போதும் நடக்கவில்லை. பேத்தி லேசாகத் தொட்டாள். கட்டம் உடனே திறந்தது.

தாத்தாவின் முகம் வாடிவிட்டது.

"ஏன் கண்ணு, என் விரலில் உயிர் இல்லையா?"

பேத்தி சிரிக்கவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உன் விரலில் குறை ஒன்றும் இல்லை தாத்தா. குறை இந்தக் கண்ணாடியில்தான். இது எப்படி வேலை செய்கிறது என்று சொல்கிறேன், கேள்."

கண்ணாடிக்குக் கீழே என்ன இருக்கிறது?

கைபேசியின் கண்ணாடிக்குக் கீழே கோடுகள் இருக்கின்றன. குறுக்கே சில, நெடுக்கே சில. பாயில் கோரை ஓடுவது போல அவை ஓடுகின்றன. அவை கண்ணுக்குத் தெரியாது. அவற்றில் மிகவும் கொஞ்சமாக மின்சாரம் இருக்கும். அதனால் உடலுக்கு எந்தத் தீங்கும் இல்லை.

மனித உடலில் தண்ணீரும் உப்பும் இருக்கின்றன. உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும். விரல் கண்ணாடிக்கு அருகில் வந்தால் அந்த இடத்தில் உள்ள மின்சாரத்தில் ஒரு துளி விரலின் பக்கம் இழுக்கப்படும். எந்தக் குறுக்குக் கோட்டில் மாற்றம்? எந்த நெடுக்குக் கோட்டில் மாற்றம்? கைபேசிக்குள் இருக்கும் சின்னக் கணிப்பொறி இதைக் கவனிக்கிறது. இரண்டு கோடுகளும் சந்திக்கும் இடம்தான் விரல் தொட்ட இடம்.

இப்படி விரல் தொட்டு இயக்கும் திரையை 1965இல் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான்சன் என்ற பொறியாளர் விளக்கி எழுதினார்.

இந்தத் திரைக்கு அழுத்தம் தேவை இல்லை. எவ்வளவு பலமாக அழுத்தினாலும் பயன் இல்லை. விரலுக்குள் இருக்கும் ஈரமான சதை கண்ணாடிக்கு அருகில் வர வேண்டும். அதுதான் முக்கியம்.

தாத்தாவின் விரலில் தோல் தடித்திருக்கிறது. காய்ந்தும் இருக்கிறது. ஈரமான சதை உள்ளே தள்ளி இருக்கிறது. தடித்த கையுறை போட்டுக்கொண்டு தொட்டால் எப்படியோ, அப்படித்தான் இதுவும். அதனால்தான் கைபேசிக்கு அவருடைய விரல் தெரியவில்லை.

ரேகைக் கருவியின் குறை வேறு. அது விரலின் மேடு பள்ளங்களைப் படிக்கிறது. உளியும் கல்லும் பிடித்த கையில் மேடு பள்ளம் தேய்ந்துவிடும். கல் உடைப்பவர், கட்டட வேலை செய்பவர், வயலில் பாடுபடுபவர், பாத்திரம் தேய்ப்பவர் எனப் பலருக்கும் இந்தத் தொல்லை உண்டு. உழைத்தது அவர்கள் குற்றம் அல்ல. கருவியைத்தான் மனிதருக்கு ஏற்றபடி செய்ய வேண்டும்.

அப்பளம் போல உடையும் பூச்சு

"கண்ணுக்குத் தெரியாத கோடு என்கிறாயே. அது எதனால் செய்தது? கம்பியா?" என்று கேட்டார் தாத்தா.

கம்பி அல்ல. அது ஒரு மெல்லிய பூச்சு. இந்தியம், வெள்ளீயம் என்ற இரண்டு உலோகங்களின் ஆக்சைடுகளைக் கலந்து செய்வது. அதற்குள் வெளிச்சமும் போகும், மின்சாரமும் போகும். இந்தியம் என்ற பெயரைக் கேட்டால் இந்தியாவின் பெயர் போலத் தோன்றும். அது அவுரி நீல நிறத்தை வைத்து வந்த பெயர். 1863இல் ஜெர்மனியில் இந்த உலோகத்தைக் கண்டுபிடித்தார்கள்.

இந்தப் பூச்சில் ஒரு குறை உண்டு. இது அப்பளம் போன்றது. வளைத்தால் உடையும். இழுத்தால் விரிசல் விடும். கண்ணாடித் தகடு வளையாது. அதனால் அதன் மேல் பூசினால் தொல்லை இல்லை. துணியிலோ, ரப்பரிலோ, மனிதத் தோலின் மேலோ இதைப் பூச முடியாது.

எதற்காக அங்கெல்லாம் பூச வேண்டும்?

விபத்தில் கை இழந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் செயற்கைக் கை பொருத்துகிறார்கள். அந்தக் கை பொருளைப் பிடிக்கும். ஆனால் பிடித்த பொருள் சூடா, குளிரா, மெத்தென்று இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. முட்டையை எடுத்தால் நசுக்கிவிடலாம். அந்தக் கைக்குத் தொடுஉணர்ச்சி உள்ள ஒரு தோல் வேண்டும். தோல் மென்மையாக இருக்க வேண்டும். முழங்கையை மடக்கும்போது இழுபட வேண்டும். நீட்டும்போது பழையபடி சுருங்க வேண்டும்.

அப்படிப்பட்ட பொருளைத்தான் உலகம் முழுவதும் அறிவியலார் தேடுகிறார்கள். அது ரப்பர் போல இழுபட வேண்டும். உலோகம் போல மின்சாரத்தைக் கடத்தவும் வேண்டும்.

ரப்பர் ஏன் இழுபடுகிறது?

ரப்பருக்குள் மிக நுண்ணிய, நீளமான இழைகள் இருக்கின்றன. அவை சிக்குப் பிடித்த நூல்கண்டு போலச் சுருண்டு கிடக்கின்றன. இழுத்தால் இழைகள் நீளும். விட்டால் மறுபடி சுருண்டுகொள்ளும். இழைகள் ஒன்றைவிட்டு ஒன்று நழுவி ஓடாமல் இருக்க இடையிடையே முடிச்சுப் போட வேண்டும். 1839இல் அமெரிக்காவைச் சேர்ந்த குட்இயர் என்பவர் ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதியாவதைக் கண்டார். கந்தகம் அந்த முடிச்சுகளைப் போடுகிறது.

ஆனால் ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. அதனால்தான் மின்கம்பியின் மேல் ரப்பர் உறை போடுகிறார்கள். மின்வேலை செய்கிறவர்கள் ரப்பர் கையுறை அணிகிறார்கள்.

உலோகம் மின்சாரத்தைக் கடத்தும். ஆனால் இழுபடாது. அதிகமாக இழுத்தால் அறுந்துவிடும்.

இரண்டையும் எப்படிச் சேர்ப்பது? அதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி: கரி கலந்த ரப்பர்

இது பழைய வழி. பல வீடுகளில் இது இருக்கிறது. தொலைக்காட்சிப் பெட்டியை இயக்கும் ரிமோட்டைத் திறந்து பார்த்தால் உள்ளே ரப்பர் பொத்தான்கள் தெரியும். ஒவ்வொரு பொத்தானின் அடியிலும் ஒரு கறுப்புப் பொட்டு இருக்கும். அது கரித்தூள் கலந்த ரப்பர்.

கரித்தூள் மின்சாரத்தைக் கடத்தும். ரப்பருக்குள் போதுமான அளவு தூள் இருந்தால் தூளும் தூளும் தொட்டுக்கொண்டு வழி உண்டாகும். பொத்தானை அழுத்தியதும் கறுப்புப் பொட்டு கீழே உள்ள பலகையில் படும். மின்சாரம் ஓடும். தொலைக்காட்சி மாறும்.

மலிவான வழி இது. ஆனால் நிறம் கறுப்பு. வெளிச்சம் ஊடுருவாது. அதிகமாக இழுத்தால் தூள்கள் விலகி வழி அறுந்துவிடும்.

இரண்டாம் வழி: மெல்லிய தங்கம்

"தங்கமா?" தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஆமாம். தங்கம்தான்.

கோலார் தங்கவயலில் 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனி பெரிய அளவில் சுரங்கம் தோண்டியது. 1902இல் காவிரியின் சிவசமுத்திரம் அருவியிலிருந்து இங்கே மின்சாரம் வந்தது. ஏறக்குறைய 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்தார்கள். பெங்களூருக்கே 1905இல்தான் மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் போனது. நூற்றிருபது ஆண்டுகளில் இந்த மண்ணிலிருந்து எடுத்த தங்கம் ஏறக்குறைய 800 டன். அதை எடுத்தவர்களில் பெரும்பாலோர் தமிழ் பேசும் ஏழைத் தொழிலாளர்கள். பாறை வெடித்தும், கல்தூசி நுரையீரலில் படிந்தும் பலர் உயிர் விட்டார்கள்.

அந்தத் தங்கம் நகையானது, நாணயம் ஆனது. இன்று தங்கத்துக்கு வேறு வேலையும் வந்திருக்கிறது.

தங்கம் துருப்பிடிக்காது. வியர்வை பட்டாலும் கெடாது. மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். வெள்ளியும் செம்பும் இன்னும் நன்றாகக் கடத்தும். ஆனால் அவை காலப்போக்கில் கறுத்துவிடும், களிம்பு பிடிக்கும். தங்கம் மிகவும் மென்மையானதும்கூட. ஒரு கிராம் தங்கத்தை ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர் தகடாக அடிக்கலாம். அதனால் கைபேசிக்குள் இணைப்புகளின் மேல் தங்கம் பூசுகிறார்கள்.

2003இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஸ்டெபனி லாக்கூர், சிகுர்ட் வாக்னர் ஆகியோர் ஒரு சோதனை செய்தார்கள். மென்மையான சிலிக்கோன் ரப்பரின் மேல் தங்கத்தைப் பூசினார்கள். அந்தப் பூச்சின் கனம் ஒரு தாளின் கனத்தில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் குறைவு. பிறகு ரப்பரை இழுத்தார்கள். தனியாக இருக்கும் மெல்லிய தங்கத் தகடு நூற்றில் ஓரிரண்டு பங்கு நீண்டாலே அறுந்துவிடும். ரப்பரின் மேல் இருந்த தங்கமோ நூற்றுக்கு 22 பங்கு நீண்ட பிறகும் மின்சாரத்தைக் கடத்தியது. அதாவது 10 சென்டிமீட்டர் பட்டையை 12 சென்டிமீட்டருக்கு இழுத்தாலும் மின்சாரம் நிற்கவில்லை.

இது எப்படி முடிந்தது? தங்கத்தில் நுண்ணிய விரிசல்கள் இருந்தன. ஆனால் ஒரு விரிசலும் மறுவிரிசலும் சேர்ந்து பூச்சை முழுவதும் பிளக்கவில்லை. இழுக்கும்போது விரிசல்கள் வாய் திறந்தன. நடுவில் இருந்த தங்கம் வலைபோல விரிந்து கொடுத்தது. மீன் வலையை இழுத்தால் அதன் கண்கள் விரிவது போல.

பெங்களூரில் பிறந்த தங்க வலை

தங்கவயலிலிருந்து பெங்களூர் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். அங்கே ஜக்கூரில் ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அங்கே பேராசிரியர் கிரிதர் குல்கர்னியும் அவருடைய மாணவர்களும் உலோக வலை செய்ய ஓர் எளிய வழி கண்டார்கள். 2014ஆம் ஆண்டு வாக்கில் அதைப் பற்றிக் கட்டுரைகள் வெளியிட்டார்கள்.

கோடையில் ஏரி வற்றும். சேறு காயும். காய்ந்த சேறு பாளம் பாளமாக வெடிக்கும். எல்லா வெடிப்புகளும் ஒன்றோடு ஒன்று சேர்ந்து வலைபோலத் தெரியும். இதைப் பார்க்காதவர்கள் கோலார் மாவட்டத்தில் இருக்க மாட்டார்கள்.

அதையே அவர்கள் சின்ன அளவில் செய்தார்கள். காய்ந்தால் வெடிக்கிற ஒரு வகை நகப்பூச்சு கடையில் கிடைக்கிறது. அதைக் கண்ணாடியின் மேலோ, வளையும் பிளாஸ்டிக் தாளின் மேலோ பூசினார்கள். அது காய்ந்து வெடித்தது. அதன் மேல் தங்கத்தையோ வேறு உலோகத்தையோ ஆவியாக்கிப் படியவைத்தார்கள். பிறகு நகப்பூச்சைக் கழுவிவிட்டார்கள். பூச்சின் மேல் படிந்த உலோகம் பூச்சோடு போய்விட்டது. வெடிப்புக்குள் படிந்த உலோகம் மட்டும் நின்றது. அதுவே வலை ஆனது.

வலையின் கம்பி மிக மெல்லியது. கண்ணுக்குத் தெரியாது. ஓட்டைகள் வழியே வெளிச்சம் போகிறது. கம்பிகள் வழியே மின்சாரம் போகிறது. பிளாஸ்டிக் தாளை வளைத்தாலும் வலை வேலை செய்கிறது. அப்பளம் போல உடைவதில்லை.

பெங்களூரிலேயே நானோ மற்றும் மென்பருப்பொருள் அறிவியல் மையம் என்ற அரசு நிறுவனம் இருக்கிறது. இப்படிப்பட்ட உலோக வலைகளைக் கொண்டு குறைந்த செலவில் ஒரு தொடுகருவி செய்ததாக 2022இல் அது அறிவித்தது. விரல் 9 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும்போதே அந்தக் கருவி அறிந்துகொள்ளும். கொரோனா நோய்க்குப் பிறகு பொது இடத்தில் பலர் தொடும் திரையைத் தொடாமலே இயக்க இது உதவும் என்றார்கள்.

"அப்படி ஒரு கருவி இருந்தால் என் காய்த்த விரலும் அதற்குத் தெரியுமா?" என்று தாத்தா கேட்டார்.

"தெரியும் தாத்தா. தள்ளி இருக்கும் விரலையே அறிகிறது என்றால் தடித்த தோலைத் தாண்டி அறியாதா?" என்றாள் பேத்தி.

மூன்றாம் வழி: நுங்கு போன்ற பொருள்

நுங்கை எல்லாரும் தின்றிருப்பார்கள். அது கெட்டியும் இல்லை, தண்ணீரும் இல்லை. தண்ணீரைத் தன்னுள் பிடித்து வைத்திருக்கிறது. விரலால் அழுத்தினால் அசைந்து கொடுக்கும்.

அறிவியலார் இதுபோன்ற பொருளைச் செய்கிறார்கள். அதற்குக் கூழ்மம் என்று பெயர். கூழ்மத்தில் உப்புத் தண்ணீர் இருந்தால் அது மின்சாரத்தைக் கடத்தும். மனித உடல் கடத்துவதும் இதே முறையில்தான். கண்ணாடி போல அதன் வழியே பார்க்கலாம்.

2016இல் தென்கொரியாவின் சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் இப்படி ஒரு தொடுதிரை செய்தார்கள். அதன் பரப்பைப் பத்து மடங்குக்கு மேல் இழுத்த பிறகும் அது வேலை செய்தது. அதைக் கையின் மேல் ஒட்டிக்கொண்டு, விரலால் தொட்டு எழுதினார்கள்; கணிப்பொறியில் இசை வாசித்தார்கள்.

இதற்கும் ஒரு குறை உண்டு. நுங்கை வெளியே வைத்தால் வாடும். கூழ்மமும் நாளடைவில் தண்ணீரை இழந்து காய்ந்துவிடும். காயாமல் காக்கும் வழியைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

ஈ உட்கார்ந்தாலும் தெரியும்

மேலே சொன்ன வழிகளில் கடத்தும் பொருள் கிடைக்கிறது. அழுத்தத்தை எப்படி அளப்பது?

இரண்டு கடத்தும் தாள்களுக்கு நடுவில் ஒரு மெல்லிய ரப்பரை வைக்க வேண்டும். மேலே அழுத்தினால் ரப்பர் நசுங்கும். தாள்கள் நெருங்கும். நெருங்கினால் அவை பிடித்து வைக்கும் மின்சாரத்தின் அளவு மாறும். அந்த மாற்றத்தை அளந்தால் எவ்வளவு அழுத்தம் என்று தெரிந்துவிடும்.

2010இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் செனான் பாவ் என்ற அம்மையாரின் குழு நடு ரப்பரில் கோபுரம் போன்ற நுண்ணிய கூம்புகளைச் செய்தது. கூம்பு எளிதாக நசுங்கும். அதனால் ஓர் ஈ வந்து உட்கார்ந்ததைக்கூட அந்த ரப்பர் அறிந்தது.

இதனால் பல நன்மைகள் வரலாம். நீரிழிவு உள்ள சிலருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிடும். கல் குத்தினாலும் தெரியாது, புண் ஆகும். செருப்புக்குள் அழுத்தம் அறியும் தாள் வைத்தால் எந்த இடத்தில் அதிகமாக அழுந்துகிறது என்று மருத்துவர் அறியலாம். மார்பைச் சுற்றி இழுபடும் பட்டை கட்டினால் மூச்சின் ஏற்ற இறக்கத்தை அளக்கலாம். செயற்கைக் கைக்குத் தொடுஉணர்ச்சி தரலாம்.

இவற்றில் பல இன்னும் ஆராய்ச்சிக் கூடத்தில்தான் இருக்கின்றன. ரப்பரிலிருந்து உலோகம் உரிந்துவிடக் கூடாது. ஆயிரக்கணக்கான முறை இழுத்தாலும் கெடக் கூடாது. விலையும் குறைய வேண்டும். அப்போதுதான் ஏழைக்கும் பயன்படும்.

பழைய கைபேசியை எரிக்காதீர்கள்

ஒரு கைபேசியில் தங்கம் மிகக் குறைவு. ஒரு கிராமை நூறு பங்காக்கினால் அதில் சில பங்குதான் இருக்கும். ஆனால் பழைய கைபேசிகளை ஒரு டன் சேர்த்தால் கணக்கு மாறுகிறது. தங்கவயலில் கடைசி ஆண்டுகளில் ஒரு டன் பாறையில் சில கிராம் தங்கமே கிடைத்தது. ஒரு டன் கைபேசியில் அதைவிடப் பல மடங்கு கிடைக்கும்.

இதற்கு ஆசைப்பட்டுச் சிலர் பழைய பலகைகளை எரிக்கிறார்கள், அமிலத்தில் போடுகிறார்கள். அந்தப் புகை நுரையீரலைக் கெடுக்கும். அமிலம் மண்ணையும் தண்ணீரையும் கெடுக்கும். தங்கம் எடுத்த பிறகு நிற்கும் சயனைடு மேடுகளையும் காற்றில் பறக்கும் அதன் தூசியையும் தங்கவயல் மக்கள் அறிவார்கள். அந்தத் துன்பம் வீட்டுக்குள் வர வேண்டாம். பழைய கைபேசியை அனுமதி பெற்ற மின்கழிவு நிலையத்தில்தான் கொடுக்க வேண்டும்.

தாத்தாவின் விரல்

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தாத்தா சொன்னார்:

"சுரங்கத்தில் கூரைப் பாறையைக் கடப்பாறையால் தட்டிப் பார்ப்போம். கணீர் என்று கேட்டால் உறுதி. தொப் என்று கேட்டால் தளர்ந்த பாறை. தட்டும்போதே கைக்குத் தெரிந்துவிடும் கண்ணு. அந்தக் கையால்தான் உயிரோடு வந்தேன்."

"அந்த அறிவைத்தான் தாத்தா ரப்பருக்குச் சொல்லித்தரப் பார்க்கிறார்கள். இன்னும் முழுசாக வரவில்லை" என்றாள் பேத்தி.

அவள் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்தாள். அதில் மை இல்லை. நுனியில் மெத்தென்ற கறுப்பு ரப்பர் இருந்தது. அது மின்சாரத்தைக் கடத்தும் ரப்பர். கையில் பிடித்துத் தொட்டால் அதுவே விரலாக வேலை செய்யும்.

தாத்தா பேனாவால் பச்சைக் கட்டத்தைத் தொட்டார். கட்டம் உடனே திறந்தது.

ரேகைக்குப் பதிலாக முகத்தைக் காட்டிச் சான்று தரும் வசதி 2021 நவம்பர் முதல் இருக்கிறது. பேத்தி கைபேசியை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். "கண்ணைச் சிமிட்டு தாத்தா" என்றாள். தாத்தா சிமிட்டினார். சான்று பதிவானது.

"இப்போது நான் உயிரோடு இருக்கிறேனா?" என்று கேட்டுத் தாத்தா சிரித்தார்.

நீங்களே செய்து பாருங்கள்

1. கைபேசித் திரையை நகத்தால் மட்டும் தொடுங்கள். பிறகு விரல் சதையால் தொடுங்கள். எது வேலை செய்கிறது?

2. காய்ந்த குச்சியால் தொடுங்கள். பிறகு ஒரு கேரட் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு அதன் நுனியால் தொடுங்கள். வேற்றுமை ஏன்? பிறகு திரையைத் துடைத்துவிடுங்கள்.

3. உங்கள் விரல் காய்த்திருந்தால் கையைக் கழுவி லேசாகத் துடைத்துவிட்டு, கொஞ்சம் ஈரப்பதம் இருக்கும்போதே தொடுங்கள். விரலின் பக்கவாட்டாலோ, மடக்கிய விரலின் முட்டியாலோ தொட்டுப் பாருங்கள். திரையின் மேல் தடித்த உறை இருந்தால் எடுத்துவிடுங்கள்.

4. உங்கள் ஊரில் ரேகை பதியாததால் உதவித்தொகையோ அரிசியோ கிடைக்காதவர் இருக்கிறாரா? வேறு வழி உண்டா என்று அலுவலகத்தில் கேட்க அவருக்கு உதவுங்கள்.